பாலர் வகுப்பில் கம்ப்யூட்டர்

ஐந்து வயதுப் பாலர்களுக்குக் கம்ப்யூட்டர் சாஸ்திரம் கற்பிக்கலாமா என்று கேட்ட மாத்திரத்தில் நகைப்பவர் பலர். ஆயினும் இங்கிலாந்து தேசத்தில் இது வெறும் வாதமாக நின்றுவிடவில்லை. 2014-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் முதல் அங்கே இது தேசியப் பாடத்திட்டத்தில் சேர்ந்துவிட்டது. ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகள் 'அல்காரிதம்' என்பது யாதென்று அறிய வேண்டும். சிறு புரோகிராம்களை இயற்றி, அவற்றிலுள்ள பிழைகளைத் தாமே கண்டு திருத்தவும் வேண்டும்.

இம்மாறுதலுக்குத் தக்க காரணம் உண்டு. அதற்கு முன் பாடசாலைகளில் நடந்த கம்ப்யூட்டர் போதனையில் பெரும்பகுதி, பிறர் செய்து விற்ற புரோகிராம்களைக் கையாளும் பழக்கமாகவே முடிந்தது. இது திருப்திகரமாக இல்லையென்று ராயல் சொஸைட்டியார் 1912-ல் அல்ல, நேற்றுப்போலுள்ள 2012-ஆம் வருஷம் ஜனவரியில் அறிக்கை வெளியிட்டனர். அதே மாதத்தில் கல்வி மந்திரி மைக்கேல் கோவ் பழைய பாடத்தை நீக்கப்போவதாக அறிவித்தார். கருவியை உபயோகிக்க மட்டும் கற்றவன் அதைச் செய்தவனுக்கு என்றும் கடமைப்பட்டவனாகவே இருப்பான். ஆதலால் இந்நோக்கத்தை நாம் குறைகூற மாட்டோம்.

ஆனால் இவ்வழக்கில் முக்கிய சாட்சிகள் ஆரம்பப் பாடசாலை உபாத்தியாயர்களே. ஒரே உபாத்தியாயர் வாசிப்பு, கணக்கு, சரித்திரம், சித்திரம் யாவும் கற்பிக்கும் வகுப்பு அது. அவர்களிற் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் ஒரு புரோகிராமும் எழுதியறியாதவர். தாம் கல்லாததைப் பிறருக்குக் கற்பிக்க வேண்டுமென்று பணித்தால் அவர்கள் அஞ்சியதில் வியப்பென்ன? எழுத்துக்கும் எண்ணுக்குமே நேரம் போதாதபோது இது எதற்கு என்று கேட்பவரும் உளர். வீட்டில் கம்ப்யூட்டர் உள்ள குழந்தை முந்திக்கொள்ள, இல்லாத குழந்தை பின்தங்குமே என்று வருந்துபவரும் உளர். இவை சோம்பலின் மொழிகளல்ல.

எனினும் துணிந்து இறங்கிய உபாத்தியாயர்கள் கையாளும் முறைகளைப் பாருங்கள். ரொட்டியில் ஜாம் தடவுவது எப்படியென்று குழந்தைகளைச் சொல்லச் சொல்லி, உபாத்தியாயர் தாம் ஓர் இயந்திரம்போல் சொன்னதைச் சொன்னபடியே செய்கிறார். 'ஜாமை ரொட்டிமேல் வை' என்றால், மூடி திறவாத புட்டியை அப்படியே ரொட்டிமேல் வைத்துவிடுகிறார்! வகுப்பு முழுவதும் சிரிக்கிறது; கட்டளை தெளிவாயிருக்க வேண்டுமென்பதையும் கற்றுக்கொள்கிறது. 'பீ-பாட்' என்னும் தேனீ வடிவப் பொம்மையோ, அம்புக்குறிப் பொத்தான்களை அழுத்திய வரிசைப்படி தரையில் நகர்கிறது. ஓரடிக்குப் 15 சென்டிமீட்டர், திரும்பினால் நேர்கோணம். அது வழி தவறினால் குழந்தை அழுவதில்லை. எந்தக் கட்டளை பிசகியதென்று தேடுகிறது. பிழையை அவமானமாகக் கருதாமல் ஆராயவேண்டிய பொருளாகக் கருதும் இப்பழக்கம் எந்தப் பாடத்திற்குத்தான் உதவாது?

அப்படியாயின் குற்றம் எங்கே? வரிசையில்தான். பாடத்திட்டம் 2014-ல் வந்தது. தக்க உதவியின்றிப் பழக்கமில்லாத பாடத்தைப் பல உபாத்தியாயர்கள் கற்பித்து வருவதாக அதே ராயல் சொஸைட்டியார் 2017-ல் எடுத்துக்காட்டினர். அதன் பின்னரே சர்க்கார் 8 கோடியே 40 லட்சம் பவுன் ஒதுக்கி, உபாத்தியாயர் பயிற்சிக்கென 2018-ல் ஒரு தேசிய நிலையம் ஏற்படுத்த முன்வந்தனர். முதலில் நடந்திருக்க வேண்டியது நான்கு வருஷங்கள் கழித்து நடந்தது. அந்நான்கு வருஷங்களில் பாலர் வகுப்பைக் கடந்துபோன குழந்தைகள் மீண்டும் அங்கே வந்து அமரப்போவதில்லை.

கட்டளைகளை முறையான வரிசையில் இடவேண்டும் என்பதே கம்ப்யூட்டர் சாஸ்திரத்தின் முதற் பாடம். அப்பாடத்தை ஐந்து வயதுப் பாலருக்கு விதித்தவர்கள் தாமே அதைக் கற்கத் தவறினர். பாடத்தை மாற்ற விரும்பும் எந்தச் சர்க்காரும் முதலில் உபாத்தியாயரைக் கேட்கட்டும். பிறகு அவருக்குக் கற்பிக்கட்டும். அதன் பின் குழந்தைக்கு விதிக்கட்டும். இதுவே நமது துணிபு.