உங்கள் நட்சத்திரத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

"என்ன நட்சத்திரம்?"

கோவிலில் அர்ச்சகர் கேட்டால் உடனே சொல்லி விடுகிறோம். ரோகிணி, திருவாதிரை, கேட்டை என்று வாய் தானாகச் சொல்லும். ஆனால் அந்த நட்சத்திரத்தை வானத்தில் காட்டச் சொன்னால்? நம்மில் பலர் விழிப்போம்!

வயது வந்த பிறகு புதிதாக ஒரு பொழுதுபோக்கு வேண்டும் என்று பலருக்கு ஆசை. வீணை கற்கலாம் என்றால் வீணை வாங்கப் பணம் வேண்டும். "இந்த வயதில் இது தேவையா?" என்று வீட்டில் சிரிப்பார்கள். கடைசியில் மாலைப் பொழுது செல்போனோடு போய்விடுகிறது.

நட்சத்திரம் பார்க்க ஒரு காசு வேண்டாம். மொட்டை மாடியும் ஒரு பாயும் போதும்.

மூன்று நட்சத்திரங்கள்

தை மாதம் அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில் 8 மணிக்கு மாடிக்குப் போங்கள். போனதும் அதிகம் தெரியாது. கால் மணி நேரமாவது கண் இருட்டில் பழக வேண்டும். அதுவரை செல்போனைத் தொடாதீர்கள். (மின்சாரம் நின்ற இரவு என்றால் ரொம்ப நல்லது. அன்று மட்டும் யாரையும் திட்ட வேண்டாம்!)

கிழக்கே, நல்ல உயரத்தில், மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் நிற்கும். அதுதான் அடையாளம். அதற்கு இடது புறம் செந்நிறமாக மின்னுவது திருவாதிரை. அந்த வரிசையை மேல் நோக்கி நீட்டிக்கொண்டு போனால், இன்னொரு சிவந்த நட்சத்திரம் வரும். அது ரோகிணி. இன்னும் மேலே, ஏறக்குறைய தலைக்கு நேராக, சின்னக் கொத்து ஒன்று தெரியும். அதுதான் கார்த்திகை. கண் கூர்மையாக இருந்தால் ஆறு எண்ணலாம்.

கேட்டைக்காரர்கள் ஆனி, ஆடி வரை காத்திருக்க வேண்டும். அப்போது முன்னிரவில் தெற்கே ஒரு தேள் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். அதுதான் விருச்சிகம். தேளின் நெஞ்சில் சிவப்பாக இருப்பது கேட்டை.

கருவி வேண்டுமா?

ஆசை முற்றினால் டெலஸ்கோப் வாங்கத் தோன்றும். அவசரப்படாதீர்கள். மலிவான டெலஸ்கோப் பெரும்பாலும் ஆடிக்கொண்டே இருக்கும், உற்சாகம் போய்விடும். ஓர் ஆண்டு வெறுங்கண்ணால் பாருங்கள்.

வெறுங்கண்ணுக்கு என்ன பெரிதாகத் தெரிந்துவிடும் என்கிறீர்களா? 2019 கடைசியில் திருவாதிரை மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் நன்றாகவே மங்கிவிட்டது. வழக்கமாகப் பார்க்கிறவர்கள் கருவி இல்லாமலே அதைக் கண்டார்கள். அது கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி அதையே மறைத்தது என்று பிறகு விஞ்ஞானிகள் விளக்கினார்கள்.

பாட்டியையும் மாடிக்கு அழைத்துப் போங்கள். ரோகிணியின் ஒளி நம்மிடம் வந்து சேரச் சுமார் 65 ஆண்டுகள் ஆகின்றன. பாட்டிக்கு 65 வயது என்றால், அவர் தொட்டிலில் கிடந்தபோது அங்கிருந்து புறப்பட்ட வெளிச்சம்தான் இன்று அவர் கண்ணில் விழுகிறது!

மாடிப்படியில் பாட்டியின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாடிக்குப் போனதும் விளக்கை அணைத்து விடுங்கள்.