பல்கலைக்கழக வளாகத்தில் பால்மரம் நிற்கட்டும்

மலாக்கா மாநிலச் சின்னத்தில் ஒரு மரம் இருக்கிறது. மலாக்காவை நிறுவிய பரமேஸ்வரா நிழலுக்கு ஒதுங்கியதாகச் சொல்லப்படும் மலாக்கா மரம், அதாவது நம் நெல்லி. இந்த மாநிலத்தின் வரலாற்றை மாற்றிய இன்னொரு மரமும் உண்டு. அது பால்மரம், அதாவது ரப்பர் மரம்.

1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்கு அனுப்பினார். மறு ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888-இல் அங்குள்ள தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டார். ரப்பர் நடச் சொல்லி அவர் அலைந்ததைப் பார்த்துத் தோட்ட முதலாளிகள் 'பைத்தியக்கார ரிட்லி' என்றார்கள். அவர் பேச்சை நம்பியவர் மலாக்காவின் தான் சாய் யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டமாகப் பேசப்படுவது அதுதான்.

மோட்டார் வண்டிகள் பெருகி ரப்பர் விலை ஏறியதும் தோட்டங்கள் பரவின. கங்காணிகள் தமிழகத்திலிருந்து ஆள் சேர்த்தார்கள். ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் குடியிருந்த லயங்கள் எழுந்தன. இருட்டோடு பிரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு, விடியும்போது கையில் கத்தி. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். கத்தி ஆழமாகப் பட்டால் மரம் புண்ணாகும். மேலோட்டமாகப் பட்டால் பால் வராது. எழுத்தறியாத பெண்களும் இந்த நுட்பத்தை விரல்களில் வைத்திருந்தார்கள். அதுவும் தாவர அறிவுதான்.

பால்மரம் 25, 30 ஆண்டில் வெட்டப்படும். வெட்டிய இடங்களில் பிறகு செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. தோட்டத்து மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தார்கள். இன்று அதே மலாக்காவில், டுரியான் துங்கலில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா இருக்கிறது. அலோர் காஜாவில் யூ.ஐ.டி.எம். எனும் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகம் 1974-லேயே தன் வளாகத்தில் ரிம்பா இல்மு என்ற தாவரவியல் பூங்காவை அமைத்து வழிகாட்டியிருக்கிறது.

மலாக்கா வளாகங்களில் மரம் நடுவோர் ஒரு நிரை பால்மரம் நட வேண்டும். ரிட்லி, தான் சாய் யான் பெயர்களோடு, பால் வெட்டிய தமிழர் உழைப்பையும் பலகையில் எழுத வேண்டும். பால் வெட்டிய கைகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு உரியவர்களையே அழைத்து முதல் கன்றை நடச் சொல்லுங்கள்.