சிறுபாணன் சென்ற வழி

முல்லைப்பாட்டுக்கும் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சியுரை வரைந்த மறைமலையடிகளின் பெயர் தாங்கியது நான் வாழும் நகர். மோட்டார்த் தொழிற்சாலைகள் சூழ்ந்த இவ்வூரிலிருந்து சென்ற பங்குனியில், பத்துப்பாட்டுள் மற்றொன்றாகிய சிறுபாணாற்றுப்படையின் நெய்தல் வழியைக் காணப் புறப்பட்டேன். செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியே மாமல்லபுரம் அடைந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினேன்.

அப்பாட்டில், பரிசில் பெற்று மீளும் பாணன், எதிர்ப்பட்ட வறிய பாணனை ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் ஆற்றுப்படுத்துகிறான். தன் பழைய வறுமையையும் அவனுக்கு உரைக்கிறான். அவன் மனைவி குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, பிறர் காண்பரோ என்று நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்டாளாம்.

இதனைப் பல்லாண்டு பாடம் சொன்னேன். ஒரு நாள் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, இவ்வழியில் உமணர்களின் உப்பு வண்டிகள் போகின்றன. பாணன் வீட்டுக்கு மட்டும் ஏன் உப்பில்லை?" என்றான். "வறுமை மிகுதி" என்று கூறி அடுத்த அடிக்குச் சென்றுவிட்டேன். தேர்வு நெருங்கிய காலம் அது.

சாலை அழகியதே. ஒருபுறம் சவுக்குத் தோப்பு, மறுபுறம் நீல நிறக் கழி. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை. அப்பால் மணல் விரிந்த பாலாறு. இடையிடையே உயர்ந்த மதில்களுக்குள் உல்லாச விடுதிகள். அம்மதில்களுக்கு அருகிலேயே மீனவர் குப்பங்கள்.

இவ்வேற்றுமை எவ்வாறு விளைகிறது? வலை உலர்த்தவும், மீன் காயவைக்கவும், படகு ஏற்றவும் மீனவர்க்கு மணல் வேண்டும். தலைமுறைதோறும் அதனைப் பொதுவில் ஆண்டார்கள். ஆனால் பெரும்பாலும் பட்டா இல்லை. பதிவேட்டில் அது புறம்போக்கு. 2002-இல் இச்சாலை சுங்கச் சாலையானபின் கரையோர மனைகளின் விலை ஏறிற்று. ஏறிய விலை பத்திரம் வைத்திருந்தோரைச் சேர்ந்தது. உழைப்பால் மட்டும் நிலத்தை அறிந்தவர்க்குக் கடலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையும் சுருங்கிற்று. சாலை எவரையும் ஏழையாக்கவில்லை என்பார் உளர். உண்மைதான், முன்பே இருந்த இடைவெளியை அது அகலமாக்கியது.

சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனாரின் இடைக்கழிநாடும் இச்சாலையில்தான் இருக்கிறது. அதனைக் கடந்தால் மரக்காணம். பாட்டில் வரும் எயிற்பட்டினம் இதுவே என்பர் அறிஞர். அங்கே பரதவர் பாணனுக்குச் சுட்ட உலர்மீன் தந்து விருந்தோம்பினர்.

இன்று அங்கே பரந்து கிடப்பவை உப்பளங்கள். உவர்நீரைப் பாத்தி பாத்தியாகக் கடத்தி, வெயிலில் செறிவாக்கி, கடைசிப் பாத்தியில் படிந்த உப்பை வாரி வரப்பில் குவிக்கிறார்கள். வெண்மணலினும் கூசும் ஒளி. ஆதலால் விடியுமுன்னரே வேலை தொடங்குகிறது. பாத்தி அவர்களுடையதன்று, உப்பும் அவர்களுடையதன்று, நாட்கூலியே அவர்களுடையது. ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கினால் அதுவும் இல்லை. அந்த மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை அந்த வரப்பில் இருந்தது.

கார்களை நிறுத்தி, உப்புக் குவியல்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள் சிலர். தலையில் துணி கட்டிய மூதாட்டி ஒருவர் எங்கள் வண்டியருகே வந்து, "ஐயா, குடிக்கத் தண்ணி இருக்குங்களா?" என்று கேட்டார். கண்ணுக்கெட்டிய மட்டும் நீர்தான். வீட்டிலிருந்து சுமந்து வந்த குடம் முற்பகலிலேயே தீர்ந்துவிட்டதாம்.