மணிக்கூட்டுச் சந்தையில் ஒரு ஞாயிறு

உங்கள் வீட்டு மண்டபச் சுவரில் மூத்தவர்கள் காலத்து மணிக்கூடொன்று ஓடாமல் தொங்குகின்றதா? வாப்பாவோ, உம்மாவின் வாப்பாவோ வாங்கி மாட்டியிருப்பார். வெள்ளிக்கிழமை தோறும் திறப்புப் போட்டு முறுக்கியிருப்பார்கள். நோன்பு காலத்தில் அதன் மணியோசை கேட்டுத்தான் ஸஹருக்கு எழும்பியிருப்பீர்கள். இப்போது அதற்குப் பக்கத்திலேயே பற்றரியில் ஓடும் பிளாஸ்டிக் மணிக்கூடு நேரம் காட்டும். பழையது வெறும் அழகுக்கு. அப்படியொன்று உங்களிடம் இருக்குமானால் இக்கட்டுரை உங்களுக்குத்தான்.

எங்கள் உம்மாவின் வீட்டில் இருப்பது ‘அன்சோனியா’. அமெரிக்காவின் புரூக்ளினில் செய்யப்பட்டது. எட்டு நாளைக்கு ஒருமுறை முறுக்க வேண்டும். 2015ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு நாளிரவு அதன் வயிற்றுக்குள் பெரிய சத்தமொன்று கேட்டது. உள்ளேயிருந்த பிரதான வில் அறுந்துவிட்டது. எங்களூரில் ஐம்பது வருடமாக மணிக்கூடு திருத்தி வந்த காக்கா ஒருவரிடம் கொண்டுபோனேன். அறுந்த துண்டுகளைக் கழற்றித் துணியில் சுற்றித் தந்துவிட்டு, “மௌலவி, வில்லக் கொண்டு வாங்க, போட்டுத் தாறன். என்னட்ட இல்ல. கொழும்பிலயும் கேட்டுப் பாத்துட்டன்” என்றார். செய்த கம்பனிக்கு எழுதிக் கேட்கவும் வழியில்லை. 1929இல் அதன் யந்திரங்களைச் சோவியத் நாடு விலைக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டது. வாப்பா மௌத்தாகி அப்போது இரண்டு வருடம். அந்த மணிக்கூட்டை முறுக்கியவர் அவர்தான். “அந்தச் சத்தமில்லாம வீடு வெறிச்சோடிக் கிடக்கு மகன்” என்று உம்மா ஒவ்வொரு முறையும் சொல்வார்.

அடுத்த வருடம், 2016இல், பேர்மிங்ஹாமில் வேலை பார்க்கும் என் ராத்தாவின் மகனிடம் சில வாரங்கள் போய்த் தங்கும் வாய்ப்புக் கிடைத்தது. மணிக்கூட்டின் கதையைச் சொன்னதும், “மாமா, இங்க மணிக்கூட்டுக்கெண்டே சந்தை போடுறாங்க, ஞாயித்துக்கிழம கூட்டிட்டுப் போறன்” என்றார் மருமகன். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நகருக்கு வெளியே மோட்டார் சைக்கிள் நூதனசாலை ஒன்றிருக்கிறது. அதன் மண்டபத்தில்தான் சந்தை. காலையில் முந்தி நுழைவோருக்குக் கட்டணம் கூட, பிந்தி வருவோருக்குக் குறைவு. மிச்சம் பிடிக்கலாமென்று பிந்திப் போனோம். நல்ல சாமான்கள் முந்தியவர்களின் கைக்குப் போய்விடும் என்பது பிறகுதான் விளங்கியது.

உள்ளே நீள நீளமாக மேசைகள். முன்வரிசைகளில் பளபளக்கும் கைமணிக்கூடுகள்; விலையைப் பார்த்துவிட்டு நகர்ந்தேன். பின்வரிசைகளில்தான் என்னைப் போன்றவர்களுக்கு வேலை. மிட்டாய் டின்களில் பற்சக்கரங்கள், சவர்க்காரப் பெட்டிகளில் முட்கள், கைப்பிடியளவு திறப்புக் கொத்துகள். நுனி ஊசியாகத் தேய்த்த சாமணங்கள், கண்ணில் இடுக்கிப் பார்க்கும் பூதக்கண்ணாடிகள், வில்லைச் சுருட்டி உள்ளே இறக்கும் கைப்பொறி, சுவிட்சர்லாந்தின் ‘பேர்ஜியோன்’ திருப்புளிகள். கூட்டத்தில் பெரும்பாலோர் தலைநரைத்த ஆண்கள். ஒவ்வொருவர் கையிலும் சிறு பொட்டலமொன்று, அதற்குள் உடைந்த ஏதோவொன்று. என் கையில் போனில் எடுத்த படம் மட்டும்தான் இருந்தது.

வில் விற்கும் மேசையில் முதியவர் ஒருவர் இருந்தார். படத்தைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்து நான்கு கேள்விகள் கேட்டார். அகலம் எவ்வளவு? நீளம் எவ்வளவு? தடிப்பு எவ்வளவு? நுனியில் துளையா, வளையமா? மதரஸாவில் பாடம் தெரியாமல் எழுந்து நிற்கும் மாணவன் போல நின்றேன், சகோதரிகளே. அறுந்த துண்டுகளைத் துணியோடு ஊரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

அங்கே பகல் பன்னிரண்டு மணி. ஊரில் பின்னேரம் நாலரை. ராத்தாவுக்குப் போன் எடுத்தோம். அஸர் தொழுதுவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், அடுப்பை அணைத்துவிட்டுத் தையல் அளவுநாடாவோடு வந்தார். சுருளை நேராக்கினால் திரும்பச் சுருண்டுகொள்கிறது. ஒரு நுனியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை துணி வைத்துப் பிடிக்க, மறு நுனியை அவர் பிடித்துக்கொண்டார். உம்மா நாடாவை ஓட்டினார். அகலம் முக்கால் அங்குலம். இரண்டு துண்டும் சேர்ந்து எட்டடிக்குக் கிட்ட. நுனியில் வளையம். தடிப்பை நாடாவால் அளக்க முடியாதே! முதியவர் சிரித்தார். இந்த அகலமும் நீளமும் கொண்ட அமெரிக்க மணிக்கூடுகளுக்கு, அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பதினெட்டுப் பங்குக்குக் கிட்டியதுதான் தடிப்பு என்று சொல்லி, 96 அங்குல வில் இரண்டை எடுத்து வைத்தார். நேரத்துக்கு ஒன்று, மணியடிக்க ஒன்று. ஒன்று அறுந்தால் அதே வயதுடைய மற்றதையும் மாற்றிவிடுவது நல்லதாம். இதைவிடத் தடித்த வில் இன்னும் நன்றாக ஓடுமே என்று கேட்டேன். ஓடும், ஆனால் அந்தப் பலம் பழைய பற்களையும் அச்சுகளையும் தின்றுவிடும் என்றார். விலையில் கொஞ்சம் குறைத்தும் தந்தார். பேரம் பேசக் கூச்சப்பட்டவர் என் மருமகன்தான்.

அவர் சொன்ன இன்னொரு விடயம் உங்களுக்கு அவசியம் உதவும். ஊசல் தொங்குகிறதல்லவா, அதைத் தாங்குவது கடதாசி போன்ற மெல்லிய உருக்குத் தகடு. வீடு கழுவவும் வெள்ளையடிக்கவும் மணிக்கூட்டை ஊசலோடு இறக்கும்போதுதான் அது மடிந்து உடைகிறது. முதலில் ஊசலைக் கழற்றுங்கள், பிறகு மணிக்கூட்டை அசையுங்கள். முறுக்கியிருக்கும் மணிக்கூட்டின் உள்ளுறுப்பை வீட்டில் யாரும் பிரிக்க வேண்டாம். விடுபடும் வில் விரலைக் கிழித்துவிடும்.

ஒரு மேசையில் பழைய அலாரம் மணிக்கூடுகளின் முகத்தட்டுகள் குவிந்து கிடந்தன. ஒன்றைத் தூக்கிப் பார்க்கப் போனேன். மருமகன் கையைப் பிடித்தார். இருளில் ஒளிர்வதற்காக முற்காலத்தில் எண்களிலும் முட்களிலும் ரேடியம் கலந்த பூச்சைப் பூசினார்கள். முதலாம் உலகப் போர்க் காலம் தொட்டு அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் இவ்வேலை செய்த இளம்பெண்கள் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் தாடை எலும்பு அழுகி மாண்டார்கள். ஒளி மங்கிவிட்டாலும் ரேடியம் போய்விடாது. அது பாதியாகக் குறையவே 1600 வருடமளவில் எடுக்கும். 1960களுக்கு முந்திய ஒளிரும் மணிக்கூடு வீட்டிலிருந்தால் மூடியைத் திறக்காதீர்கள், பூச்சைச் சுரண்டாதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

மண்டபத்தின் மூலையில் ஒரு பெண்மணி இருந்தார். கணவர் மணிக்கூடு திருத்துபவர், இறந்துவிட்டார். அவருடைய இழுப்பறைகளை அப்படியே கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு சிறு பொட்டலத்திலும் எந்த மணிக்கூட்டுக்குரியது, எந்த அளவு என்று அவர் கையெழுத்து. வாங்குவோர் அந்தக் கையெழுத்தை வாசித்து வாசித்துத்தான் எடுத்தார்கள். இந்தச் சந்தைகளின் சரக்கே பெரும்பாலும் இப்படி வருவதுதான். 1969 டிசம்பரில் ஜப்பானின் ‘சீகோ’ குவார்ட்ஸ் கைமணிக்கூட்டை விற்பனைக்கு விட்டது. 1970இல் சுவிட்சர்லாந்தில் இத்தொழிலில் 90,000 பேரளவில் இருந்தார்கள். எண்பதுகளின் நடுவில் 30,000த்துக்குச் சற்றுக் கூட. மற்ற நாடுகளிலும் கடைகள் மூடின. செய்வார் இல்லாத உறுப்பை, செத்தவர் பெட்டியில்தான் தேட வேண்டும். ஜேர்மனியில் ஃபூர்ட்வாங்கன் என்ற சிற்றூரில் ஓகஸ்ட் மாதக் கடைசியில் கூடும் சந்தைக்கும் இப்படித் தேடித்தான் தூர தேசத்தவர் வருகிறார்கள்.

வில் இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தேன். காக்கா இரண்டு பின்னேரங்களில் போட்டு முடித்தார். முதன்முறை மணி அடித்தபோது உம்மா குசினியிலிருந்து வெளியே வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்ததாகப் பிறகு ராத்தா சொன்னார்.

அந்தக் காக்கா 2020இல் வபாத்தானார். அல்லாஹ் அவருக்கு மஃபிரத் செய்வானாக. ஊரடங்கு முடிந்து நான் அவர் வீட்டுக்குப் போகும்போது இரண்டு மாதம் கடந்துவிட்டது. ஆயுதப் பெட்டியையும் மேசை இழுப்பறைகளையும் பழைய இரும்பு வாங்க வந்தவருக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டதாக மகள் சொன்னார். அவரில் குற்றமில்லை. அது என்னவென்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்? எனக்கும் முந்திப் போய்ச் சொல்லத் தோன்றவில்லை.

சகோதரிகளே, உங்கள் வாப்பாவோ, கணவரோ, மாமனாரோ இத்தொழில் செய்தவராயின் அந்தப் பெட்டியை இரும்பு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். டின்களைக் கொட்டிக் கலக்காதீர்கள். பொட்டலத்தில் எழுதியிருப்பதைக் கிழிக்காதீர்கள். எழுத்துப் போனால் உள்ளே இருப்பது வெறும் துண்டு. டவுனில் இன்னும் இத்தொழில் செய்கிறவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். விற்பதானால் அவரைப் போன்றவருக்கே விலை பேசி விற்கலாம்.

காக்கா வீட்டில் மிஞ்சியது ஒரேயொரு வட்ட டின். பேரப்பிள்ளை விளையாட எடுத்து ஒளித்து வைத்திருந்ததால் தப்பியது. கைமணிக்கூட்டின் சிற்றச்சுகள், மயிரிழை போன்ற சில வில்கள், மூடியின் உட்புறம் பென்சிலால் எழுதிய அளவுகள். மகள் அதை என்னிடம் தந்தார். இதுவரை மூன்று பேர் வந்து கேட்டு, தங்களுக்குப் பொருந்தியதை எடுத்துப் போயிருக்கிறார்கள்.