ராத்திரி ரெண்டு மணிப் பதக்கம்

இந்த எபிசோடில் நாய்களுக்கான ஸ்மார்ட் கழுத்துப்பட்டைகளைப் பத்திப் பேசினோம். நேரம் இல்லாம விட்டுப்போன கதை ஒண்ணு இருக்கு.

எங்க புஜ்ஜி ஒரு காக்கர் ஸ்பேனியல். போன மாசம் மூணு நாள் தொடர்ந்து 'இன்றைய இலக்கு முடிந்தது'ன்னு ஆப் அவளுக்குப் பதக்கம் கொடுத்தது. வெளியில் ஒரே பனி, வாக்கிங்கே சரியாப் போகலை. அப்புறம் எப்படி? மணிவாரியாத் திறந்து பார்த்தா, அசைவெல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும். அவ தலையை உதறினதையும் பின்னங்காலால் காதைச் சொறிஞ்சதையும் ஆப் உடற்பயிற்சியா எண்ணியிருக்கு!

ஆக்சிலரோமீட்டரைக் குறை சொல்ல மாட்டேன். கழுத்து குலுங்கியதை அளந்தது, அவ்வளவுதான். எனக்குத்தான் உறைச்சிருக்கணும். காதுமடலைத் தூக்கினதுமே புளிச்ச மாவு வாடை.

நாயின் காதுக்குழாய் முதலில் கீழே இறங்கி, பிறகு உள்ளே திரும்பும், ஆங்கில 'எல்' எழுத்து மாதிரி. அழுக்கும் ஈரமும் லேசில் வெளியே வராது. தொங்கும் காதுள்ள காக்கருக்கு இன்னும் மோசம். ஆனா திரும்பத் திரும்ப வரும் காதுநோய்க்கு ஆரம்பம் பெரும்பாலும் ஒவ்வாமை. உள்தோல் வீங்கினதும், ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் மலசீசியா ஈஸ்டும் பாக்டீரியாவும் பெருகிடும். பூனை, குட்டிநாய்னா முதலில் மைட்ஸ்ங்கிற பொடிப் பூச்சியைச் சந்தேகப்படணும். காபித்தூள் மாதிரி கருப்பா அழுக்கு உதிரும். கோடையில் திடீர்னு ஒரு காதில் மட்டும்னா, புல் விதை போயிருக்கலாம்.

போன வருஷம் மிச்சமான சொட்டு மருந்தைக் கையில் எடுத்துட்டேன். அப்பதான் கவனிச்சேன், அவ தலை ஒரு பக்கமா சாஞ்சே இருந்தது. மூடியைத் திறக்காம டாக்டரிடம் ஓடினோம். நல்லவேளை. செவிப்பறை கிழிஞ்சிருந்தா சில மருந்துகள் உள்ளே இறங்கி, கேட்கும் திறனையே கெடுத்துடும். தலைச்சாய்வு, தள்ளாட்டம், கண்மணி தானா இங்கும் அங்கும் ஓடுறது, முகம் ஒரு பக்கம் தொங்குறது இதெல்லாம் நோய் வெளிக்காதைத் தாண்டிடுச்சோன்னு சந்தேகப்பட வைக்கும் அடையாளங்கள்.

பஞ்சில் எடுத்த அழுக்கைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினார் டாக்டர். நிலக்கடலை வடிவில் ஈஸ்ட், கூட்டம் கூட்டமா. அந்த வீக்கத்தில் செவிப்பறை தெரியவே இல்லை. முதலில் வீக்கம் வடிய மாத்திரை. ரெண்டு வாரம் கழிச்சு மயக்கம் கொடுத்து, காதைக் கழுவி, கேமரா விட்டுப் பார்த்தார். ஓட்டை இருந்தது.

இப்ப தலைச்சாய்வு லேசா மிச்சம் இருக்கு. கூப்பிட்டா திரும்புறா. ஒவ்வாமை எதனாலன்னு கண்டுபிடிக்க, புது உணவு தொடங்கியிருக்கோம். ராத்திரி முழுக்கத் தூங்குறா. 'செயல்பாடு குறைவு'ன்னு ஆப் தினமும் திட்டுது.