பழைய சீலிங்கைக் கழற்றுமுன்...



1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளின் கட்டளையால் இரண்டு மணி நேரத்துக்குள் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. 2002 போர்நிறுத்தத்தின் பின்னும், 2009 இல் போர் முடிந்த பின்னும் சோனகத் தெருவுக்குத் திரும்பிய பலருக்கு, வளையும் ஓடும் கழற்றப்பட்ட வெறும் சுவர்களே மிஞ்சியிருந்தன. கூரை தப்பிய பழைய வீடு உங்களுக்குக் கிடைத்திருந்தால், அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் அதன் பழைய சீலிங்கை அவசரப்பட்டு உடைக்காதீர்கள்.

முதலில் அது பலகையா, அஸ்பெஸ்டஸ் சீற்றா என்று பாருங்கள். சந்தேகமென்றால் அஸ்பெஸ்டஸ் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். வெடிக்காத சீற்றால் பெரிய ஆபத்தில்லை. அதை உடைத்தால், அறுத்தால், துளைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் தூசியாகப் பறக்கும். மூச்சோடு உள்ளே போன நார் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் நுரையீரல் புற்றுநோயைக் கொண்டுவரலாம்.

தூசி மேசனோடு நிற்பதில்லை. அதைக் கூட்டுவதும், அவருடைய உடுப்பைத் துவைப்பதும் வீட்டுப் பெண்கள்தானே! அஸ்பெஸ்டஸ் தொழிலாளரின் உடுப்பைத் துவைத்த மனைவிமாரும் நோயுற்றது வெளிநாடுகளில் பதிவாகியிருக்கிறது.

கழற்றியே ஆகவேண்டுமென்றால் பழக்கமுள்ளவரிடம் ஒப்படையுங்கள். பிள்ளைகளை அன்று வேறு வீட்டில் விடுங்கள். சீற்றை நன்றாக நனைத்து, ஆணியைப் பிடுங்கி, முழுதாக இறக்கச் சொல்லுங்கள். வேலை செய்பவருக்குத் துணி மாஸ்க் போதாது. நுண்தூசியைத் தடுக்கும் மாஸ்க் வேண்டும். விளக்குமாறு வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். துண்டுகளைத் தடித்த பொலித்தீனில் சுற்றிக் கட்டி, எங்கே போடுவதென்று மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ கேளுங்கள். கிணற்றடியிலோ வளவிலோ கொட்டாதீர்கள்.

சீலிங் இறங்கியதும் மேலே உள்ள பனஞ்சலாகைகளைத் தட்டிப் பாருங்கள். வெளியே கறுத்த வைரம் உறுதியாகத் தெரியும்; உள்ளே கறையான் அரித்திருக்கும். பொத்தென்று கேட்டால் மாற்றுங்கள். ஒழுகும் ஓட்டையும் மாரிக்கு முன்பே மாற்றிவிடுங்கள். அதன் பிறகே புதுச் சீலிங். அஸ்பெஸ்டஸ் கலவாததென்று கடைக்காரரிடம் பில்லில் எழுதி வாங்குங்கள். சூடு வெளியேறக் காற்றுவழி விடுங்கள். கூரையைப் பார்க்க ஒரு சிறு கதவும் வையுங்கள்.

இழந்து திரும்பக் கிடைத்த வீடும் அமானிதம், அதில் வாழும் உயிர்களும் அமானிதம். இரண்டையும் பேணுவோம், இன்ஷா அல்லாஹ்!