உங்களுக்குத் தெரியுமா? படி ஏறினால் நாடு ஏறும்!

ஒரே பஸ். ஒரே ரூட். ஒரே ஷிப்ட். ஆனால் மாரடைப்பால் சாகும் ஆபத்து மட்டும் கண்டக்டரைவிட டிரைவருக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு! லண்டன் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953-ல் இதை உலகுக்குச் சொன்னவர் டாக்டர் ஜெர்ரி மோரிஸ். டிரைவர் வேலை நேரம் முழுக்க உட்கார்ந்தே இருந்தார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மேலுக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கினார். ஒரு நாளைக்கு எத்தனை படி தெரியுமா? 500 முதல் 750 வரை!

இன்னும் கேளுங்கள். மோரிஸ் அடுத்துத் தேடிப் போனது சீருடைக் கணக்கை! ஊழியர்களுக்குத் தைத்துக் கொடுத்த கால்சட்டைகளின் இடுப்பளவை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். எந்த வயதுக்காரரை எடுத்தாலும் டிரைவரின் இடுப்புதான் பெரிது! உடற்பயிற்சி இதயத்தைக் காக்கும் என்று இன்று எல்லா டாக்டரும் சொல்கிறார்களே, அந்தப் பேச்சுக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டது இந்தக் கண்டக்டர்களின் கால்கள்தான். மோரிஸ் தானும் ஓடினார், நீந்தினார். 99 வயது வரை வாழ்ந்தார்!

சூரியன் மறையாத சாம்ராஜ்யம் என்று மார்தட்டிய பிரிட்டன், ஒரு போரின் வாசலில் தன் பிள்ளைகளைப் பார்த்தே அதிர்ந்தது. தென்னாப்பிரிக்க போயர் போருக்கு ஆள் எடுத்தபோது, ஆலைகள் நிறைந்த மான்செஸ்டர் நகரத்தில் படையில் சேர வந்த இளைஞர்களில் 10-க்கு 6 பேருக்கு மேல் உடல் தகுதி இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள்! ஆலைப் புகை, இருட்டு வீடு, அரைவயிற்றுச் சாப்பாடு. பதறிப்போன அரசு விசாரணைக் குழு போட்டது. 1904-ல் அறிக்கை வந்தது. 1906-ல் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடச் சட்டமே வந்துவிட்டது!

பீரங்கி சுடாமலே கவிழவிருந்த கடற்படை ஒன்று உண்டு. எதனால்? வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசியால்! 1880-களில் ஜப்பானின் ‘ரியூஜோ’ போர்க்கப்பல் நீண்ட பயிற்சிப் பயணம் போனது. கப்பலில் 376 பேர். அதில் 169 பேருக்கு பெரிபெரி நோய். கால் வீங்கி, இதயம் தளர்ந்து 25 பேர் செத்தார்கள்! தகாகி கனெஹிரோ என்ற கடற்படை டாக்டர், அடுத்த கப்பலுக்குச் சாப்பாட்டையே மாற்றினார். இறைச்சி, பால், ரொட்டி, பயறு எல்லாம் ஏற்றினார். அதே பாதையில் 1884-ல் போய்த் திரும்பியது ‘ட்சுகுபா’. பெரிபெரி சாவு? பூஜ்யம்!

கடற்படை திருந்தியது, தரைப்படை திருந்தவில்லை. வெள்ளைச் சோறுதான் வீரனுக்கு மரியாதை என்று இருந்துவிட்டது. 1904-05 ரஷ்யப் போரில் அதற்கு விலை கொடுத்தது. பெரிபெரிக்கு மட்டும் பலியான ஜப்பானிய வீரர்கள் சுமார் 27,000 பேர்!

இதே பெரிபெரியின் மர்மத்தை உடைத்தது யார் தெரியுமா? கோழிகள்! ஜாவா தீவில் எய்க்மன் என்ற டச்சு டாக்டரின் ஆய்வுக்கூடக் கோழிகள், தீட்டிய அரிசிச் சோறு தின்று கால் தள்ளாடின. தீட்டாத அரிசி போட்டதும் எழுந்து நடந்தன. 1929-ல் எய்க்மனுக்கு நோபல் பரிசு!

நம் பாட்டிமார் நோபல் எதுவும் வாங்கவில்லை. ஆனால் நெல்லை ஊறவைத்து அவித்துக் காயப்போட்டுக் குத்தினார்கள். அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் கணிசமாக உள்ளே நிற்கிறது. புழுங்கல் அரிசிக்குள் இருக்கும் விஞ்ஞானம் இது!

இந்திய உணவு ஆராய்ச்சிக்குத் தொட்டில் எந்த ஊர்? டெல்லி என்பீர்கள், பம்பாய் என்பீர்கள். இல்லவே இல்லை. நம் நீலகிரியின் குன்னூர்! 1918-ல் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டின் ஒரே ஒரு அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபோய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது!

குன்னூரில் மெக்காரிசன் எலிகளுக்குப் பந்தி வைத்தார். இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடுவதை ஒவ்வொரு எலிக் கூட்டத்துக்குப் போட்டார். முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய் தின்ற ‘சீக்கிய’ எலியின் சராசரி எடை 235 கிராம். சோறே பிரதானமாகத் தின்ற ‘மதராஸ்’ எலிக்கு? வெறும் 155! தட்டில் சோற்றைக் குவித்து, காயை ஓரத்தில் தொட்டுக்கொள்ள மட்டும் வைக்கும் வீடுகள் இந்த எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். எனக்கு இது பெரிய அதிர்ச்சி!

அடுத்தது அதைவிடப் பயங்கரம். இங்கிலாந்து ஏழைத் தொழிலாளியின் உணவையும் எலிகளுக்குப் போட்டார். வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை கொட்டிய டீ, டின்னில் அடைத்த இறைச்சி. எலிகள் வளரவில்லை, ரோமம் பொலிவிழந்தது, ஒன்றோடொன்று சண்டை பிடித்தன. சுமார் 60-வது நாளில் வலுத்தது இளைத்ததைக் கொன்று தின்னத் தொடங்கியது!

பள்ளியில் சாப்பாடு போடுவது தேசப் பாதுகாப்பு விஷயம் என்று சட்டத்திலேயே எழுதிய நாடு அமெரிக்கா! ஆண்டு 1946. படையில் சேர வந்த பையன்கள் சத்துக் குறைவால் கழிக்கப்பட்டதைப் பார்த்துத்தான் அந்தப் பரபரப்பு. ஆனால் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த காலத்திலேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டுவிட்டது. ஆண்டு 1920. அமெரிக்கச் சட்டத்துக்கு 26 வருடம் முன்பு!

1950-களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிள்ளைகளுக்கு ஓர் எளிய சோதனை வைத்தார்கள். குனிந்து கால் விரலைத் தொடு, படுத்து எழுந்திரு, காலைத் தூக்கிப் பிடி. அவ்வளவுதான்! ஐரோப்பியப் பிள்ளைகளில் 10-க்கு ஒருவர்கூடத் தோற்கவில்லை. அமெரிக்கப் பிள்ளைகளில் பாதிக்கும் மேல் தோல்வி! கார், டி.வி., பள்ளி பஸ் எல்லாம் வந்த வீட்டுப் பிள்ளைகள். அதிபர் ஐசனோவர் ஆடிப்போனார். 1956-ல் இளைஞர் உடல்தகுதிக்கென்றே ஒரு கவுன்சில் அமைத்தார்.

ஐசனோவருக்கு அடுத்து வந்த கென்னடி இன்னும் வேகம். 1963-ல் 50 மைல் நடைப்பயணக் காய்ச்சல் நாடு முழுவதும் பரவியது. அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி சாதாரண ஆபீஸ் தோல் ஷூவோடு, பனிக்குளிரில், 80 கிலோமீட்டரை ஒரே நாளில் நடந்து முடித்தார்!

இன்று? ராணுவத்தில் சேர எந்தச் சலுகையும் தேவைப்படாத அளவுக்குத் தகுதியுள்ள 17 முதல் 24 வயது அமெரிக்க இளைஞர்கள் 100-க்கு எத்தனை பேர்? பென்டகனே 2020-ல் எடுத்த கணக்கு: 23! உடல் பருமன், போதைப் பழக்கம், உடல் நோய், மனநோய் என்று கழிந்தவர்கள் 77.

கொரியாவின் கதை கண்ணில் இருக்கிறது. 2010-ல் சியோல் நகரில் கட்டாய ராணுவ சேவைக்குப் பரிசோதனைக்கு வந்த 19 வயது இளைஞர்களில் கிட்டப்பார்வை உள்ளவர்கள் 96.5 சதவீதம்! விடிய விடியப் புத்தகம், டியூஷன், திரை. வெயில் படாத பிள்ளைக்குக் கண்ணாடி உறுதி. தைவான் உஷாராகிவிட்டது. மாணவர்களை தினமும் 120 நிமிடம் வெளியே விடுங்கள் என்று பள்ளிகளுக்குச் சொல்லிவிட்டது. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்க்கும் பள்ளிகளின் காதில் இது விழட்டும்!

இடுப்புக்குச் சட்டம் போட்ட நாடு ஜப்பான்! 2008 முதல் 40-லிருந்து 74 வயது வரை எல்லோருக்கும் ஆண்டுப் பரிசோதனையில் டேப் வைத்து அளக்கிறார்கள். ஆணுக்கு 85 செ.மீ., பெண்ணுக்கு 90 செ.மீ. தாண்டினால் ஆலோசனை. ஆட்களை ஒழுங்காகக் கவனிக்காத காப்பீட்டு அமைப்புகளுக்கு அபராதம்!

தினமும் 10,000 அடி என்ற எண் எங்கிருந்து வந்தது? 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயர் அது. ‘மான்போ-கே’, பத்தாயிரம் அடி மீட்டர். 2019-ல் சராசரி 72 வயதுப் பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், 4,400 அடி நடந்தவர்களுக்கே, 2,700 அடி நடந்தவர்களைவிடச் சாவு ஆபத்து 41 சதவீதம் குறைவு. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் இல்லை! பத்தாயிரம் என்று மலைத்து வாசற்படியிலேயே நின்றுவிட்டவர்கள் இப்போதே செருப்பை மாட்டலாம்.

வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்க்கிறீர்களா? உலகில் உங்களைப் போல் 48.8 கோடிப் பேர்! 35-40 மணி நேரம் பார்ப்பவரைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து போட்ட கணக்கு இது. நீண்ட வேலை நேரம் 2016-ல் மட்டும் கொண்டுபோன உயிர்கள் 7,45,000!

அதிக நேரம் உழைத்தால் அதிகம் விளையும் என்று நினைத்தால் தப்பு! முதல் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுத் தொழிற்சாலைப் பெண்கள் இரவு பகலாக உழைத்தார்கள். அந்தப் பழைய கணக்குகளை ஸ்டான்ஃபோர்டு பொருளாதாரப் பேராசிரியர் ஜான் பென்கவல் தோண்டி எடுத்து 2014-ல் அலசினார். வாரம் 70 மணி நேரம் உழைத்தபோது வந்த உற்பத்தி, 56 மணி நேரத்தில் வந்ததைவிடப் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. மிச்சம் 14 மணி நேரமும் வீண்! 70 மணி நேரம் உழைத்தால்தான் நாடு முன்னேறும் என்பவர்களுக்கு இந்த ஒரு எண் போதும்.

தொழிலாளர் உரிமைப் போராட்டத்தில் சென்னைக்குப் பெரிய பெருமை உண்டு. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் பிறந்தது பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களிடம். 1918 ஏப்ரல் 27. அவர்களின் முக்கியக் குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை! அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. இந்தியாவின் முதல் மே தினமும் சென்னைக் கடற்கரையில்தான். தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் கொண்டாடினார், 1923-ல். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை 2023 ஏப்ரலில் நிறைவேற்றிய தமிழக அரசு, எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திரும்பப் பெற்றதாக அறிவித்ததும் மே 1 அன்றே. சரியாக 100 வருடம்!

உட்காரவே விடாத வேலையும் உடம்பைத் தின்னும்! துணிக்கடையில் புடவையைப் பிரித்துப் போடும் அந்தப் பெண்ணைக் கவனித்திருக்கிறீர்களா? காலை கடை திறந்ததிலிருந்து நிற்கிறாள். கூட்டம் ஓய்ந்தால் ஒரு காலைத் தூக்கி மறு காலின் மேல் வைத்து, அலமாரியில் முதுகைச் சாய்த்துக்கொள்கிறாள். கணுக்கால் வீக்கம், நரம்புச் சுருட்டல், முட்டிவலி. 2021-ல் தமிழ்நாடு சட்டம் போட்டது: ஊழியருக்கு நாற்காலி கட்டாயம்! இதற்கு முன்பே, 2018-ல் கேரளம் போட்டுவிட்டது. அடுத்த முறை கடைக்குப் போனால் நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள்!

இரவு ஷிப்ட் புற்றுநோயைத் தரக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்ப் பிரிவு 2007-லேயே பட்டியலில் சேர்த்துவிட்டது. டென்மார்க்கில் பல வருடம் இரவுப் பணி பார்த்து மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களுக்கு இழப்பீடே கொடுத்தார்கள்!

தூங்காததால் ஒரு நாடு எவ்வளவு இழக்கும்? ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016-ல் கணக்குப் போட்டது. ஜப்பானுக்கு ஆண்டுக்கு 13,800 கோடி டாலர் வரை. நாட்டு மொத்த உற்பத்தியில் கிட்டத்தட்ட 3 சதவீதம்!

தான்சானியாவில் இன்றும் வேட்டையாடி வாழும் ஹட்ஸா மக்களும் நம்மைப் போலவே நாளில் சுமார் 10 மணி நேரம் சும்மா இருக்கிறார்கள்! ஆனால் நாற்காலி கிடையாது. குந்திக்கொள்கிறார்கள், மண்டியிடுகிறார்கள். தசை தூங்குவதே இல்லை. திண்ணையிலும் பாயிலும் குந்தி எழுந்த நம் தாத்தாக்கள் செய்ததும் இதுதானே!

நம் நாட்டுக் கணக்குக்கு வாருங்கள். போதிய உடலுழைப்பு இல்லாத இந்தியப் பெரியவர்கள் 2000-ல் 22 சதவீதம். 2022-ல் 49 சதவீதம்! பெண்களில் 57, ஆண்களில் 42. வீட்டுவேலை, ஆபீஸ் வேலை இரண்டையும் சுமந்துவிட்டு, தனக்கென்று அரை மணி நேரம் நடக்கக்கூட நேரம் கிடைக்காத பெண்களின் எண் அந்த 57. இதைப் படித்தபோது மனசு கனத்துவிட்டது.

சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி. அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி. ரத்தக் கொதிப்பு 31.5 கோடி. தொப்பை 35.1 கோடி! 2023-ல் வெளியான இந்தப் பிரம்மாண்டக் கணக்கெடுப்பை நடத்தியது சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையம், ஐ.சி.எம்.ஆருடன் சேர்ந்து. கணக்கெடுக்கப்பட்டவர்கள் 1,13,043 பேர்!

பயந்துவிடாதீர்கள், அடுத்ததுதான் எனக்கு உயிரான தகவல். உலகிலேயே மாரடைப்பில் அதிகம் செத்த ஆண்கள் ஒரு காலத்தில் பின்லாந்துக்காரர்கள். அதிலும் வடக்கு கரேலியா மாவட்டம் மகா மோசம். ரொட்டிமேல் வெண்ணெய், சமையலில் வெண்ணெய், குடிக்கக் கொழுப்புப் பால், கையில் சிகரெட். ஜனங்களே அரசுக்கு மனுப் போட்டார்கள்: எங்களைக் காப்பாற்றுங்கள்! 1972-ல் பெக்கா புஸ்கா என்ற இளம் டாக்டர் கிளம்பினார். ஆஸ்பத்திரி கட்டவில்லை. கிராமத்துப் பெண்கள் சங்கத்தைப் பிடித்தார். பழைய பலகாரத்தையே காய்கறி கூட்டிச் சமைத்துக் காட்டி விருந்து வைத்தார்கள். தொத்திறைச்சிக்காரரிடம் பேசிக் கொழுப்பைக் குறைத்துக் காளான் சேர்க்க வைத்தார்கள். கொலஸ்ட்ரால் குறைப்பதில் ஊருக்கும் ஊருக்கும் போட்டி! 35 வருடத்தில் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய்ச் சாவு எவ்வளவு குறைந்தது? 85 சதவீதம்!

கடைசியாக ஒன்று. 1966-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் 5 பேரைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். எழுந்து நடக்கக்கூடாது. 3 வாரம். படுப்பதற்கு முன்பும் பின்பும் அவர்களின் இதயத் திறனை அளந்து குறித்துக்கொண்டார்கள். 30 வருடம் கழித்து, 50 வயதில், அதே 5 பேரைத் தேடிப் பிடித்து மறுபடி அளந்தார்கள். 30 வருட மூப்பு செய்த சேதத்தைவிட, அந்த 3 வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம்! அதோடு விடவில்லை. நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று மெதுவாகப் பயிற்சி கொடுத்தார்கள். 50 வயதுக்காரர்கள் தங்கள் 20 வயதுத் திறனை எட்டிப் பிடித்துவிட்டார்கள். எடுத்துக்கொண்ட காலம்? வெறும் 6 மாதம்!